மகள் கேட்கும் ரெக்கார்டிங் கம்ப்யூட்டரை வாங்கித் தருவதற்கு முன்னால்

அம்மா, உங்கள் மகள் எழுதிக் கொடுத்த பட்டியலை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். செலவில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகிறது. மைக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒலிப்பதிவுதான் என் வேலை என்கிறாளே, இவ்வளவு செலவு செய்த பிறகு மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் பட்டியலைச் சரியாகப் போட்டாலே அதில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதலில் கிராஃபிக்ஸ் கார்டை அடித்துவிடுங்கள். குரலையும் கிட்டாரையும் பதிவு செய்ய அது தேவையில்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெயர் 'எஃப்' என்று முடிகிற மாடல்களில் அந்த உள் கிராஃபிக்ஸ் இருக்காது, அதை வாங்கிவிட்டால் திரைக்காகவே தனிக் கார்டு வாங்க வேண்டி வரும். பெரிய கார்டில் இன்னொரு தொல்லை சூடு. சூடு வந்தால் ஃபேன் வேகமாகச் சுற்றும், ஃபேன் சுற்றினால் மைக்கில் விழும்.

போன வருடம் ஒரு மாணவன் தான் பதிவு செய்த பாட்டை என் எதிரில் உட்கார்ந்து ஹெட்போனில் போட்டுக் காட்டினான். நல்ல குரல். ஆனால் ஒவ்வொரு வரி முடிந்து மூச்சு எடுக்கும் இடத்திலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மேஜை மேலேயே, மைக்கிலிருந்து இரண்டு முழம்கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வீட்டு ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது சத்தமில்லாமல் ஓடுமா என்பதை வேகத்துக்குச் சமமாகப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன்கள், தாராளமான கூலர், நல்ல பவர் சப்ளை, இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டை மேஜைக்குக் கீழே தள்ளி வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

ப்ராசஸரைப் பொறுத்தவரை எத்தனை கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு டிராக்கில், அதாவது தனியாகப் பதிவான ஒரு குரலிலோ வாத்தியத்திலோ, ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களான ப்ளகின்கள் ஐந்தை வரிசையாகப் போட்டால் முதலாவது முடித்துக் கொடுத்ததைத்தான் இரண்டாவது எடுத்து வேலை செய்ய முடியும், அதனால் அந்த வரிசை முழுவதும் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும். ஒற்றைக் கோரின் வேகம் நன்றாக இருக்கிற நடுத்தர ப்ராசஸர் போதும். ரேம் 16 ஜிபி. ஆர்கெஸ்ட்ரா மாதிரி பெரிய சாம்பிள் லைப்ரரிகளோடு, அதாவது வாத்திய ஒலிகளைப் பதிவு செய்து வைத்த தொகுப்புகளோடு, இசையமைக்கப் போகிறாள் என்றால் 32. இன்று 16 போட்டு, பின்னால் கூட்டிக்கொள்ள மதர்போர்டில் இடம் விட்டு வைப்பதுதான் என் யோசனை.

ஸ்டோரேஜுக்குக் கணக்கு போட்டே பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் தரம்) என்று வைத்தால் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. பதினாறு டிராக் ஒன்றாக ஓடினாலும் விநாடிக்கு இரண்டரை எம்பியைத் தாண்டாது. ஆகவே மிக வேகமான, விலை உயர்ந்த எஸ்எஸ்டி தேவையில்லை, சாதாரண எஸ்எஸ்டி ஒன்று போதும். மிச்சமாகும் பணத்தில் பேக்கப்புக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்குங்கள், அதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். மற்றவர்களுக்காகப் பதிவு செய்து கொடுக்கும் நாள் வரும்போது, ஒருவர் பாடியதைத் தொலைத்தால் அவர் மறுபடி வரமாட்டார்.

இப்போது பட்டியலில் விட்டுப்போனது. கம்ப்யூட்டரோடு வருகிற மைக் துளையில் நல்ல மைக்கை நேராகச் செருக முடியாது. மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், யுஎஸ்பியில் மாட்டும் சிறு பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், இரண்டு உள்ளீடு போதும், ஸ்டுடியோவில் குரலுக்குப் பயன்படுத்தும் கண்டென்சர் வகை மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) அதில் இருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் அந்த நிறுவனமே தருகிற ஏசியோ டிரைவர் (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கொண்டுபோகும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், மேக்கில் அந்த வேலையைச் செய்யும் கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது. பாடும்போது தன் குரல் தனக்கே தாமதமாகக் கேட்டால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஒலி அளவீடுகளின் எண்ணிக்கையை, 256 என்று வைத்தால் தாமதம் ஒரு வழிக்கு ஐந்து மில்லிவிநாடி சொச்சம், 1024 என்றால் இருபத்தொன்று. பதிவு செய்யும்போது குறைத்து வை, மிக்ஸ் செய்யும்போது கூட்டி வை என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இதில் மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். வேகமான கம்ப்யூட்டரிலும் பதிவின் நடுவில் 'டிக் டிக்' என்று சத்தம் வரலாம். பல நேரம் காரணம் ப்ராசஸர் அல்ல, வைஃபை டிரைவரோ மின்சேமிப்பு அமைப்போ குறுக்கே வருவதுதான். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துப் பார்ப்பதற்குள் புதுக் கம்ப்யூட்டர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஒலி என்றால் சினிமாப் பாட்டு மட்டும் அல்ல. டப்பிங், ஒலிநூல், பாட்காஸ்ட் எடிட்டிங், மேடை நிகழ்ச்சி ஒலி, கேம்களுக்கான ஒலி, கணிதம் பிடித்தால் அக்கூஸ்டிக்ஸ் (ஒலியியல்), சிக்னல் ப்ராசஸிங் (ஒலியைக் கணக்கு மூலம் மாற்றியமைப்பது) என்று பாதைகள் பிரிகின்றன. இவற்றில் வேலை தருபவர் உன்னிடம் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்பதில்லை, செய்து முடித்த வேலையைப் போட்டுக் காட்டு என்கிறார். நான் மேலே சொன்ன கம்ப்யூட்டர் அவள் நாளைக்கு வேறு படிப்புக்குப் போனாலும் வீணாகாது. மனம் மாறினால் வீணாகக்கூடியது மைக்கும் இன்டர்ஃபேஸும் மட்டும்தான்.

அதனால் அடுத்த சந்திப்புக்குள் இதைச் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் போட்டு, ஃபேன், ஏசி எல்லாம் அணைத்து, துணிமணிகள் தொங்கும் அலமாரி பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடக் கதை ஒன்றை வாசித்துப் பதிவு செய்து, தவறுகளை வெட்டி, கேட்கத் தகுந்ததாக முடித்துக் கொண்டு வரட்டும். எந்த இடத்தில் லேப்டாப் தடுமாறியது, எந்த இடத்தில் அறை கெடுத்தது, எது தன் தவறு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டும் வரட்டும். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூவருமாகப் புதுப் பட்டியலைப் போடலாம்.