பிள்ள கேக்குறது வேற கடல் வேலக்கா

அக்கா, நேத்து நீங்க பேசினத வீட்டுக்கு வந்தும் யோசிச்சிட்டே இருந்தேன். நாங்கதான் கடலோட கெடந்து கஷ்டப்படுறோம், ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளையும் அந்தச் சேத்துலயே போயி நிக்கணுமான்னு கேட்டீங்கல்லா. பயம் நியாயம்தான். ஆனா அவ கேக்குறது மீன் புடிக்கிற வேல இல்லக்கா, கடலையும் கண்டல் காட்டையும், அதான் ஆறு கடல்ல சேருற சேத்துல வளருற அலையாத்திக் காட்டையும், ஆராய்ஞ்சு வளக்குற வேல.

போன வாரம் மணக்குடில, பழையாறு கடல்ல சேருற எடத்துல அவ நின்னத நீங்க பாக்கல. ரிஃப்ராக்டோமீட்டர்னு சின்ன டார்ச் மாதிரி ஒரு கருவி, அதோட கண்ணாடில ஒரு சொட்டு தண்ணி விட்டு வெளிச்சத்தப் பாத்துப் புடிச்சா உப்பு எவ்வளவுன்னு தெரியும். பாலத்துக்குக் கீழ ஒருக்கா, உள்ள தள்ளி ஒருக்கா பாத்துட்டு, மழ பெய்ஞ்சு ஆத்துல வெள்ளம் வந்தா இது கொறையும்லான்னு அவளே சொன்னா. யாரு சொல்லிக்குடுத்தா? அப்பா பேசுறதக் கேட்டு வளந்த புத்தி அது. கண்டல் செடிய நட்டுட்டா மட்டும் வளராதுக்கா, தண்ணி ஏறி எறங்குற மட்டம் தப்பினா கன்னு பட்டுப்போகும், அந்த மட்டம் வல போடுறவங்களுக்குத்தான் அத்துப்படி, அவங்ககிட்ட உக்காந்து பேசத் தெரிஞ்ச ஆளு இந்த வேலைக்கு ரொம்ப முக்கியம்.

படிப்புன்னா என் மனசுல மொதல்ல நிக்கிறது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரில பிஎஃப்எஸ்சி, அதான் மீன்வளப் பட்டப்படிப்பு, 4 வருஷம், நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மார்க்குதான். மீன்துறை, பேங்குன்னு வேற வாசலும் தொறந்திருக்கும். அது கெடைக்கலன்னா நாகர்கோவில்லயே பிஎஸ்சி விலங்கியல், பொறவு பரங்கிப்பேட்டைல இருக்குற அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்துல கடல் உயிரியல் எம்எஸ்சி.

ஒண்ண மறைக்காம சொல்றேன், ஆராய்ச்சி பக்கம் போனா சம்பளம் சீக்கிரம் வராது. ப்ராஜெக்ட் வேலைன்னு எடுப்பாங்க, அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, அடுத்தது கெடைக்கிற வரைக்கும் வீட்ல சும்மா இருக்கணும், அப்போ கல்யாணப் பேச்சு எடுத்துராதீங்கக்கா. நெட்டுனு ஒரு தேசிய தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொக வாங்கிட்டா மாசம் 37,000 ரூபா, அதுக்கு எம்எஸ்சி படிக்கும்போதே தயாராகணும்.

காசு கட்டி இன்டர்ன்ஷிப்னு யாராவது கூப்பிட்டா பிள்ளைய அனுப்பிராதீங்க. என்கிட்ட வந்த ஒரு பையன் அப்படிப் பணம் கட்டி ஒரு சர்டிபிகேட்தான் கொண்டு வந்தான், ஒரு நாள் கூட தண்ணில எறங்கல.

மீனவர் பிள்ளைங்களுக்கு அந்தத் தூத்துக்குடி காலேஜ்ல தனி ஒதுக்கீடு உண்டு, அதுக்கு என்ன சான்று வேணும்னு இந்த வாரமே மீன்துறை ஆபீஸ்ல கேட்டு வாங்கி வைங்க, பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.