எல்.எல்.ஆர். முடிந்த ஒன்பதாவது நாள்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன், வயது 27. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி நாலு மாதம் கழித்து கார் டெஸ்டுக்கு ஸ்லாட் போட்டேன். முதல் தடவை மழை என்று ரத்து. அடுத்த தடவை சர்வர் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஸ்லாட்டே கிடைக்காமல் எல்.எல்.ஆர். காலாவதி ஆகிவிட்டது. "உங்கள் தாமதத்தால்தான் முடிந்தது, நீட்டித்துக் கொடுங்கள்" என்று அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. ஒன்பதாவது நாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, பைக்கில் வந்த ஒரு இளைஞர் மீது கார் இடித்து அவருக்குக் கை எலும்பு முறிந்தது. கார் அப்பா பெயரில் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள அப்பா பக்கத்து சீட்டில்தான் இருந்தார். அவர் ஓட்டியதாக எழுதிவிடலாம் என்கிறார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆர்.டி.ஓ. அலுவலகம் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: மழை, சர்வர், ஸ்லாட், பதில் வராத மெயில் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விபத்து நடந்த அன்று உங்கள் கையில் உயிருள்ள எல்.எல்.ஆர். இருந்ததா? இல்லை. அது 6 மாதம்தான் செல்லும். ஒரு நாள் தாண்டினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எல்.எல்.ஆர். செல்லுபடியாகும் காலத்துக்கானது, அதனால் அப்பா பக்கத்தில் இருந்தது இங்கே உதவாது. டெஸ்ட் தேதி கிடைக்கவில்லை என்பதும் வண்டி ஓட்டுவதற்கு அனுமதி ஆகாது. அலுவலகத்தின் மீது வழக்குப் போட்டாலும் அதில் கிடைக்கும் எதுவும் இந்த விபத்தைத் தொடாது. 30 நாள் முடிந்ததுமே டெஸ்டுக்குப் போயிருக்கலாம் என்ற கேள்வியும் உங்களை நோக்கித்தான் வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் உங்களுக்குப் பிரிவு 181-லும், வண்டியைக் கொடுத்த அப்பாவுக்குப் பிரிவு 180-லும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். சட்டத்தில் 3 மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் எனக்குக் கவலை அதைப் பற்றி இல்லை, அந்த ஏஜென்ட் சொன்னதைப் பற்றித்தான்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "அப்பாதான் ஓட்டினார்" என்று க்ளைம் ஃபார்மில் எழுத அரை நிமிடம் போதும். ஆனால் காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே டியூட்டி டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார். "ஒரு பொண்ணு ஓட்டிட்டு வந்த கார்" என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தால் அந்த ஒரு வரி உங்கள் ஃபார்முக்கு முன்பே பிறந்துவிட்டது. எதிரே கடை இருந்தால் கேமராவும் இருக்கும்.

சில வருடம் முன்பு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. கார் அம்மா பெயரில். தம்பி ஓட்டியதை, லைசென்ஸ் உள்ள அண்ணன் ஓட்டியதாகக் காட்டிவிட்டார்கள். தரமணியில் காலை 9.10-க்கு விபத்து. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை கேட்டில் அண்ணன் 8.52-க்குக் கார்டு தேய்த்த பதிவு அது. அதன்பிறகு அந்தக் குடும்பம் சொன்ன உண்மைகளைக்கூட யாரும் நம்பவில்லை. கார் சேதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. காயம்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்த தொகையை வட்டியோடு அம்மாவிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவு. அவர் ஓய்வுபெற்றபோது போட்ட டெபாசிட்டை உடைத்துக் கட்டினார்கள். பொய்க் கணக்குக் காட்டியதற்குக் குற்ற வழக்கு வராமல் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் வீட்டில் அந்த அம்மாவின் இடத்தில் அப்பா இருக்கிறார். ஓட்டியது நீங்கள், ஆனால் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் மீதுதான் வசூல் வரும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, லைசென்ஸ் இல்லை என்பதை மட்டும் வைத்துக் கம்பெனி கைகழுவ முடியாது. உரிமையாளர் தெரிந்தோ கவனமில்லாமலோ வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வசூலிக்கலாம்.

இங்கேதான் உங்கள் மெயில் வருகிறது. எல்.எல்.ஆர். முடிந்துவிட்டது என்று நீங்களே தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் விபத்துக்கு முன்னால். ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு இது தெரியாது என்று எந்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் என்னால் வாதிட முடியாது. அந்த மெயிலை இனி யாருக்கும் ஆதாரமாக நீட்டாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், அழித்தால் அது தனி வம்பு.

அதனால் சமாதானமாகப் போங்கள். கார் ரிப்பேர் பணத்தை மறந்துவிடுங்கள். நடந்ததை நடந்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல் யாருக்கும் பணம் தருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். அப்புறம் அந்த இளைஞரின் வைத்தியச் செலவு, கை கூடும்வரை இழந்த சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டு நியாயமாகக் கொடுங்கள். தீர்ப்பாயம் போனால் அதன்மேல் ஊனச் சதவீதத்துக்கான தொகையும் வட்டியும் ஏறும். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த பிறகும் இழப்பீட்டு மனுவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால், அந்த உத்தரவு தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. போலீஸ் வழக்குப் பதிவாகியிருந்தால் அது இதோடு முடியாது, தனியாக நடக்கும். அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டுக்குப் புது எல்.எல்.ஆர். எடுக்கத்தான் வேண்டும். உங்கள் பகுதி அலுவலகத்தில் நெரிசல் என்றால், மாநிலத்தில் வேறு அலுவலகத்திலும் விண்ணப்பிக்க 2019 திருத்தத்தில் வழி இருக்கிறது. 31-ஆவது நாளுக்கே ஸ்லாட் தேடுங்கள். அதுவரை கார் சாவி அப்பாவிடமே இருக்கட்டும்.