வட்ஸ்அப்பில் 23 பேர், கூட்டத்துக்கு 4 பேர்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மைத்துனர் அங்கே பங்கு ஆண்கள் சிலருடன் சேர்ந்து ‘எக்ஸோடஸ் 90’ என்ற செயலியைப் பாவிக்கிறார். ஆள் நிறைய மாறிவிட்டார் என்று அக்காவே சொல்கிறார். எங்கள் பங்கிலும் அப்படி ஓர் ஆண்கள் குழு தொடங்க ஆசைப்பட்டேன். அந்தச் செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, சந்தாவும் கட்ட வேண்டும். அதனால் வட்ஸ்அப் குழு ஒன்றைத் திறந்தேன். 23 பேர் சேர்ந்தார்கள். மூன்று வாரத்தில் காலை வணக்கப் படங்களும் கிரிக்கெட் ஸ்கோரும்தான் மிச்சம். கூட்டம் வைத்தால் நான்கு பேர் வந்தார்கள். கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவர், தமிழிலேயே நமக்கென்று ஒரு செயலி செய்து தருகிறேன் என்கிறார். செய்யச் சொல்லவா?
– வாசகர், தாண்டவன்வெளி, மட்டக்களப்பு

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அந்த நான்கு பேரை வைத்துத் தொடங்குங்கள்.

‘எக்ஸோடஸ் 90’ என்பது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்திய 90 நாளும் ஆண்கள் குழுவாகச் செய்யும் ஒரு தவமுயற்சி. மைத்துனரிடம் அந்த 90 நாளில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு பேர் வரை ஒரு குழு. தினமும் விடுதலைப் பயண நூலிலிருந்து ஒரு வாசகம், ஒரு மணிநேர செபம். மது இல்லை, இனிப்பு இல்லை, தேவையில்லாமல் போன் நோண்டுவது இல்லை. கிழமைக்கு ஒருமுறை நேரில் கூடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் இருக்கிறார், ‘இன்றைக்கு எப்படி?’ என்று அவர் தினமும் விசாரிப்பார். இதில் செயலியின் வேலை, வாசகத்தைக் காட்டுவதும் ஞாபகப்படுத்துவதும்தான். உங்கள் மைத்துனரை மாற்றியது அந்தத் துணையாளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அதில் இன்னொரு தவமும் உண்டு: பச்சைத் தண்ணீரில் குளிப்பது. கனடாக் குளிரில் அது பெரிய தவம்தான். கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த நமக்கு அதில் என்ன இருக்கிறது? நம்மூர் ஆணுக்கு எது கஷ்டமோ அதைத்தான் எடுக்க வேண்டும். சம்பளம் கிடைத்த அன்று நேரே வீட்டுக்குப் போவது. கல்யாண வீட்டின் பின்பக்கம் நடக்கும் ‘பார்ட்டி’க்குப் போகாமல் இருப்பது. இவற்றை நான்கு பேரும் உட்கார்ந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இது ஒன்றும் புதிய யோசனையும் இல்லை. 1833இல் பரிஸ் நகரில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் வின்சென்ட் டி போல் சபை. கிழமைக்கு ஒரு கூட்டம், அப்புறம் ஏழை வீடுகளுக்குப் போவது. அவ்வளவுதான். உங்கள் பங்கில் அந்தச் சபை இருந்தால் அங்குள்ள பெரியவர் ஒருவரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். அவரிடம் ஸ்மார்ட் போன் இல்லாவிட்டால் கோல் எடுத்துச் சொல்லுங்கள். செலவுக்குக் காசு சேர்க்கவும் அவர்களிடம் நல்ல முறை இருக்கிறது: கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மாதச் சந்தா இவ்வளவு என்று குழுவில் போட்டீர்களோ, தோணிக்குப் போகிறவரும் கூலிக்குப் போகிறவரும் மெல்ல நழுவிவிடுவார்கள்.

நேரம்தான் உங்கள் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு 90 நாள் முன்பென்றால் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்க வேண்டும். இங்கே அது மழையும் வெள்ளமும். தவக்காலம் வரும்போது பெரும்போக அறுவடை. வட்டையில் வாடி போட்டுத் தங்குகிறவரை வியாழன் இரவு ஏழு மணிக்கு வா என்றால் எப்படி வருவார்? 90ஐ விடுங்கள், தவக்காலத்தின் 40 போதும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு அரை மணிநேரம் கூடுங்கள். கடலுக்குப் போகிறவரும் அன்றைக்குக் கரையில் இருப்பார்.

அடுத்ததைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். குடி, கடன், வீட்டுச் சண்டை எதையும் வட்ஸ்அப்பில் எழுத விடாதீர்கள். புளியந்தீவிலிருந்து கல்லடி வரை எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும், பின்னேரத்துக்குள் மாமனார் வீட்டுக்குப் போய்விடும். அப்படி ஒருமுறை நடந்தால் அந்த மனிதர் குழுவுக்கு மட்டுமல்ல, கோயிலுக்கே வரமாட்டார். குழுவில் நேரமும் இடமும் வாசகமும் மட்டும் போகட்டும். அட்மின் மட்டும் அனுப்பக்கூடியதாக மாற்றிவிடுங்கள், காலை வணக்கப் படங்களும் அதோடு நிற்கும். அந்தக் கம்ப்யூட்டர் தம்பி செய்து தரும் செயலியைத் தள்ளிப்போடச் சொல்வதற்கும் இதுவே காரணம். யார் எந்தச் சமயம் என்பதை நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகைத் தகவலாக வைத்திருக்கிறது. பெயர், இலக்கம், யார் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்பதெல்லாம் யாருடைய சேர்வரில் கிடக்கப்போகிறது என்று அவரிடம் கேளுங்கள்.

பங்குத்தந்தையிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. கூடிச் செபிக்க உங்களுக்கு உரிமை உண்டு, திருச்சபைச் சட்டம் 215 அதைச் சொல்கிறது. ஆனால் குழுவின் பெயரில் ‘கத்தோலிக்க’ என்று போடுவதானால் 300ஆம் சட்டப்படி திருச்சபை அதிகாரத்தின் சம்மதம் வேண்டும். ஃபாதரைப் போய்ப் பாருங்கள், பெயரைப் பிறகு வைக்கலாம்.

சரி, கைபேசி எதற்குத்தான் உதவும்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. உங்கள் 23 பேரில் கட்டாரில் இருப்பவர்களும் இருக்கக்கூடும். அங்கே வெள்ளி விடுமுறை. நம் நேரத்துக்கு இரண்டரை மணிநேரம் பிந்தியது, இங்கே இரவு எட்டென்றால் அங்கே மாலை ஐந்தரை. வெள்ளி இரவு எட்டு மணிக்கு அவர்களோடு ஒரு வீடியோ கோல் வையுங்கள், உங்கள் நால்வரில் ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்கட்டும்.