ஜப்பான் மொழி தெரியாமல் ஒகினாவாவில் கராத்தே பழகலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பைச் சேர்ந்த எனக்கு 23 வயது. கிளிநொச்சியில் கோஜு ரியூ கராத்தே பழகி முதலாம் டான் கறுப்புப் பட்டி எடுத்திருக்கிறேன். ஒகினாவாவுக்குப் போய் ஒரு தோஜோவில் (கராத்தே பயிற்சிக் கூடத்தில்) மூன்று மாதம் பழக ஆசை. தமிழ்தான் தெரியும், ஆங்கிலம் கொஞ்சம். ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அங்கே ஊமை மாதிரி நிற்கவேண்டி வருமோ?

பதில்: ஒரு சொல்லும் தெரியாது என்கிறீர்களே தங்கச்சி, கிளிநொச்சியில் வகுப்புத் தொடங்க ‘ரேய்’ என்று குனிகிறீர்கள். ‘ஹஜிமே’ என்றதும் தொடங்கி, ‘யமே’ என்றதும் நிறுத்துகிறீர்கள். இச்சி, நி, சான் என்று எண்ணித்தான் குத்துகிறீர்கள். ஒகினாவாவிலும் வகுப்பை நடத்துவது இதே சொற்கள்தான். வரிசையில் நிற்கும்போது உங்களுக்குப் பெரிய கஷ்டம் இராது. விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொண்டால்தான் கஷ்டம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாஸ்டரிடம் ‘விளங்கவில்லை’ என்று சொல்லச் சரியான கூச்சம். தலையை ஆட்டிவிட்டு, பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள். அங்கே அது சரிவராது. நாங்கள் ‘ஓம்’ என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது ஜப்பானியர் கண்ணுக்கு ‘இல்லை’ என்பதுபோலத் தெரியும். விளங்கினால் ‘ஹாய்’ என்று வாயால் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அந்தச் சொல்லை மரியாதைக்காகக்கூடச் சொல்லாதீர்கள், சென்சேய் (மாஸ்டர்) அடுத்ததுக்குப் போய்விடுவார். ‘மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்’ என்று கேளுங்கள். இன்னொருமுறை காட்டச்சொல்லிப் பணிவாகக் கேட்பது அது. போவதற்கு முன் இந்த ஒரு வசனமாவது தடங்காமல் வாயில் வரவேண்டும்.

திருத்தம் பெரும்பாலும் கையால்தான் வரும். சான்சின் என்ற கதாவை (ஒழுங்காகச் செய்யும் அசைவுத் தொடரை) செய்யும்போது தோள், முதுகு, தொடை எல்லாவற்றையும் தட்டி, அழுத்திப் பார்ப்பது கோஜு ரியூ வழக்கம். கை எங்கே படுகிறதோ அங்கேதான் பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில தோஜோக்களில் தட்டு பலமாகவே விழும். தொட்டுத் திருத்துவது உங்களுக்குச் சங்கடம் என்றால் தோஜோவுக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அதை எழுதுவதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

உடம்பின் பெயர்களையும் திசைகளையும் இப்போதே பாடமாக்குங்கள். மிகி வலது, ஹிதாரி இடது, கொஷி இடுப்பு, ஹிஸா முழங்கால். ‘சிகாரா நுயிதே’ என்றால் பலத்தைத் தளர்த்து. ‘இதாய்’ என்றால் வலிக்கிறது. முழங்கால் வலித்தால் ‘ஹிஸா கா இதாய்’. தமிழில் சொல்லும் ஒழுங்கிலேயே வருகிறது பாருங்கள். வினை கடைசியில் வரும் மொழி என்பதால் எங்களுக்கு அந்த வசன அமைப்புச் சீக்கிரம் பிடிபடும். வலியை மறைத்துப் பழகுவதைத் துணிவு என்று நினைக்கவேண்டாம். மொழி தெரியாத ஊரில் பிய்ந்த தசைநாரோடு ஆஸ்பத்திரி தேடி அலைவது மிகவும் கொடுமையான காரியம். பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படவே வேண்டாம்.

மொழிபெயர்க்கும் செயலியை வகுப்புக்கு முன்னும் பின்னும் பாவியுங்கள். நடுவில் போனை எடுக்கக் கூடாது. ஒரே ஒரு கருத்தைச் சொல்லும் சின்ன வசனங்களாகக் கொடுத்தால்தான் அது ஓரளவு சரியாக மாற்றும்.

ஒகினாவாவில் பல தோஜோக்கள் சிறியவை, சில சென்சேயின் வீட்டோடு சேர்ந்தவை. வகுப்பு பெரும்பாலும் மாலையில்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் தரையைத் துடைக்கத் தொடங்கினால் நீங்களும் துணியை எடுத்துக் குனியுங்கள். பேச்சில்லாமலே அங்குள்ளவர்களோடு நெருங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பகல் நேரம் உங்கள் கையில் இருக்கும். ஹிரகானா என்ற ஜப்பான் எழுத்துகளை அப்போது படிக்கலாம்.

விசா பற்றி: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா முன்கூட்டியே எடுக்கவேண்டும். குறுகிய காலத் தங்கல் அதிகபட்சம் 90 நாள்தான், அதில் வேலை செய்ய முடியாது. ஆகவே மூன்று மாதச் செலவுக்கான காசு புறப்படும் முன்பே கையில் இருக்கவேண்டும். காசு போதாவிட்டால் ஒரு மாதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து சான்சின் செய்ய முடியாது.

தோஜோவை நீங்களாகத் தேடி நேரே போய் நிற்காதீர்கள். உங்கள் மாஸ்டரின் சங்கத்துக்கு ஒகினாவாவில் தொடர்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அறிமுகத்தோடு வருபவருக்கு அங்கே கிடைக்கும் வரவேற்பே வேறு. தொடர்பு இல்லாவிட்டால், 2017இல் தோமிகுசுகு நகரில் திறந்த ஒகினாவா கராத்தே கைக்கான் என்ற கராத்தே மண்டபத்தில் வெளிநாட்டவருக்கும் உதவும் ஒரு தகவல் நிலையம் இருக்கிறது, அங்கே எழுதலாம். கடிதத்தில் உங்கள் ரியூ (கராத்தே பிரிவு), டான், பழகிய கதாக்கள், வர நினைக்கும் மாதம், பழைய காயம் ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். ஜப்பான் மொழி தெரியாது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அதைத் தெரிந்துகொண்டு ‘வா’ என்று சொல்லும் தோஜோவுக்கே போங்கள்.