டிரக் கேப்புக்குள் விளக்கு: நீங்களே போடலாம், தம்பி

பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் ஒன்றை ஃபைபர்கிளாஸ் கேப்போடு, அதாவது பின்பக்கச் சாமான் தொட்டியை மூடும் கூண்டோடு, வாங்கியிருக்கிறீர்கள். கேப்புக்குள் விளக்கு இல்லை, மெக்கானிக் கேட்ட கூலியோ மலைக்க வைக்கிறது. நாமே வயர் இழுத்தால் வண்டிக்கு ஏதாவது ஆகுமா, டீலர் கொடுத்த வாரண்டி போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நீங்களே செய்யலாம், தம்பி. மிச்சிகனில் டிசம்பர் வந்தால் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு எத்தனை நாள் சாமான் தேடுவீர்கள்? இங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியே பெரும்பாலும் நூறு டாலரைத் தாண்டும். அதனால் இந்த மாதிரி வேலைகளை அவரவரே செய்துகொள்வது இங்கே சர்வசாதாரணம்.

நம் ஆட்களுக்கு மின்சாரம் என்றாலே ஷாக் பயம்தான். வீட்டில் 230 வோல்ட்டோடு வளர்ந்தவர்கள் நாம். வண்டியில் ஓடுவது 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏறும். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இங்கே பயப்பட வேண்டியது நெருப்புக்கு. வண்டி பேட்டரி நினைத்தால் சில நூறு ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளிவிடும். உரசித் தோல் உரிந்த பாசிட்டிவ் வயர் இரும்பு பாடியில் பட்டால், அத்தனை கரண்ட்டும் அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் பாயும். வயர் பழுத்து, மேலுறை தீப்பிடிக்கும்.

அதனால்தான் ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். அது முதலில் காப்பாற்றுவது வயரை. விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நீள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். 16 கேஜ் வயரும் 5 ஆம்ப் ஃப்யூஸும் போதும். சாதாரண எல்இடி பட்டை மீட்டருக்கு 5 வாட் அளவில்தான் எடுக்கும். இரண்டு மீட்டர் ஒட்டினாலும் ஒரு ஆம்பியரைத் தொடாது.

கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கேபினின் பின்பக்க உச்சியில் மூன்றாவது பிரேக் லைட் இருக்கிறதல்லவா, அதே கூட்டில்தான் சாமான் தொட்டிக்கு வெளிச்சம் தரும் கார்கோ லைட்டும் இருக்கும். அதன் வயரைக் கிள்ளி எடுக்கத் தோன்றும், கைக்கெட்டும் தூரம்தானே. ஆனால் கொஞ்சம் புது வண்டிகளில் அந்த விளக்கை பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது. அதன் தலையில் கூடுதல் சுமையை ஏற்ற வேண்டாம். அங்கிருந்துதான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச், வைத்து, சிக்னலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லருக்கான நான்கு முனை பிளக்கில் வரும் பழுப்பு வயரும் வேண்டாம். அது டெயில் லைட் வயர். வண்டி ஓடும்போதெல்லாம் கேப்புக்குள் வெளிச்சம் எரியும், பின்கண்ணாடி வழியாக வெள்ளையாகத் தெரியும். பின்னால் வருகிறவர்களுக்குக் கண் கூசும், போலீஸ் நிறுத்தவும் வாய்ப்புண்டு. கேப்பிலேயே ஒரு பிரேக் லைட் இருந்தால் அதன் வயரையும் தொடாதீர்கள். ஆனால் அது எரிகிறதா என்று இன்றே பாருங்கள். 1994 மாடலிலிருந்து பிக்கப்புகளுக்கும் மூன்றாவது பிரேக் லைட் கட்டாயம். கேபினில் இருப்பதைக் கேப் மறைத்துவிடும். என் யோசனை, பேட்டரியிலிருந்து தனி வயர். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் வண்டியின் வேறு எந்த சர்க்யூட்டையும் தொட வேண்டியதில்லை.

ஃபைபர்கிளாஸில் கரண்ட் ஓடாது. அதனால் நெகட்டிவுக்கும் தனி வயர் வேண்டும். அதை ஃப்ரேமில் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்குங்கள். ஃப்ரேம் ஓரமாக வயரைக் கொண்டுபோகும்போது வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, சைலன்சர் பக்கம் போகாமல் கட்டுங்கள். இரும்பு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பக்க இணைப்புகளைத் தின்றுவிடும். வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் ஓரிரு குளிர்காலத்துக்கு மேல் தாங்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கிக்கொள்ளும் இணைப்புகளை வாங்குங்கள். கேப்புக்குள் நுழையும் இடத்தில் இரண்டு முனை பிளக் ஒன்றும் வையுங்கள், அப்புறம் கேப்பைக் கழற்றும் நாளில் வயரை வெட்ட வேண்டியிருக்காது. பேட்டரிப் பக்கத்து வயருக்கு முனை மூடியிருக்கும் பாதியைப் போடுங்கள்.

பின்கதவைத் திறந்தால் எரியும் காந்த சுவிட்ச் வசதிதான், கூடவே கையால் அணைக்கும் சுவிட்சும் இருக்கட்டும். வெள்ளி இரவு அணைக்க மறந்தால் திங்கள் காலைக்குள் பேட்டரியில் சேமித்திருப்பதில் 45 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போலப் போயிருக்கும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. உங்கள் பேட்டரி பழசாக இருந்தால் ஆட்டோசோன் மாதிரிக் கடைகளில் இலவசமாகவே சோதித்துத் தருவார்கள்.

வாரண்டிக்கு வருகிறேன். 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி, வெளியில் வாங்கிய பொருளை மாட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. உங்கள் வயரிங்கால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். வண்டியின் சொந்த வயரை வெட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்குமுன் அபார்ட்மெண்ட் லீஸைப் படித்துவிடுங்கள். பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தெரிந்தவர் வீட்டு டிரைவ்வே கிடைத்தால் நல்லது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், எல்லா இணைப்பும் முடிந்து ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகு கடைசியாக ஃப்யூஸைச் செருகுங்கள்.