மகளை கோல்ஃப் ப்ரோ ஆக்கலாமா? அதில் பிழைப்பு இருக்கிறதா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது. செட்டிபாளையம் மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறாள். நல்ல திறமை இருக்கிறது என்கிறார் கோச். பள்ளியைக் குறைத்துக்கொண்டு இப்போதே ப்ரோ ஆகும் வழியில் விடலாமா? பெண்களுக்கு இதில் சம்பாத்தியம் உண்டா?

பதில்:

ஆடவிடுங்கள். பள்ளியைக் குறைக்காதீர்கள். குறைந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரையாவது அமெச்சூராகவே, அதாவது பிழைப்புக்காக ஆடாதவளாகவே, இருக்கட்டும்.

நான் ஆடுகிறவள் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் அண்ணன் மகள் ஆடுகிறாள். அண்ணனால் தென்னந்தோப்பை விட்டு நகர முடியாது என்பதால் வெளியூர்ப் போட்டிகளுக்கு அத்தை நான்தான் துணை. எங்கள் அம்மாவுக்கு இது இன்னமும் மில் முதலாளிகள் விளையாட்டுதான். "ஏங்கண்ணு, ஒரு பந்தைக் குழியில போடறதுக்கு பெங்களூர் வரைக்குமா போவாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பெங்களூரோடு முடிந்தால் பரவாயில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

சம்பாத்தியத்துக்கு வருவோம். உச்சியில் இருப்பவர்களுக்குப் பணம் கொட்டுகிறது. 2024 அமெரிக்கப் பெண்கள் ஓபனில் மொத்தப் பரிசு 1.2 கோடி டாலர். ஜெயித்த யூகா சாசோவுக்கு 24 லட்சம் டாலர். அதே ஆண்டு ஆண்கள் ஓபனில் மொத்தம் 2.15 கோடி டாலர். பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கீழே இருப்பவர்களின் கணக்கு.

ப்ரோ கோல்ஃபருக்குச் சம்பளம் கிடையாது. விமானம், ஓட்டல், சாப்பாடு, கேடி (கூடவே பை தூக்கி வருபவர்) கூலி, கோச் கட்டணம் எல்லாம் அவர் கைக்காசு. ஸ்பான்சர் கிடைத்தால் அதில் கொஞ்சம் ஈடாகும். பெரிய தொடர்களில் பொதுவாக நான்கு நாள் ஆட்டம். நூற்றுச் சொச்சம் பேர் இறங்குவார்கள். இரண்டாம் நாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, முடிவில் 'கட்' விழும். அமெரிக்கப் பெண்கள் ப்ரோ தொடரான எல்பிஜிஏ-வில் வழக்கமாக முதல் 65 இடங்களில் இருப்பவர்கள் மட்டும் மேலே ஆடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பெரும்பாலும் ஒரு பைசா இல்லாமல். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நூலும் நீங்களே வாங்கி, கூலியும் நீங்களே கொடுத்து, ஷிப்மென்ட் ரிஜெக்ட் ஆனால் எப்படி இருக்கும்? அது வாராவாரம் நடக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியைத் தாங்குகிற மனசு பிள்ளைக்கு இருக்கிறதா என்பது, அவள் பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறாள் என்பதைவிடப் பெரிய கேள்வி.

நம் நாட்டில் இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் 2006 முதல் ப்ரோ தொடர் நடத்துகிறது. மூன்று நாள், 54 குழி. அனுபவத்துக்கு அருமையான இடம், ஆனால் அங்கே பரிசு லட்சங்களில்தான், கோடிகளில் இல்லை. பிழைப்பு என்று சொல்கிற அளவுக்குப் பணம் வேண்டுமானால் ஐரோப்பியத் தொடருக்கோ அமெரிக்கத் தொடருக்கோ போயாக வேண்டும். அதற்குப் பொதுவாகத் தகுதிப் போட்டியில் முன்னணி இடங்களுக்குள் வந்து 'கார்டு', அதாவது தொடரில் ஆடும் உரிமை, வாங்க வேண்டும். வாங்கின கார்டையும் வருஷா வருஷம் ஆடித்தான் காப்பாற்ற வேண்டும்.

இந்தியாவின் ப்ரோ கோல்ஃபர் அதிதி அசோக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. பெங்களூர்ப் பெண், 1998-ல் பிறந்தவர். பெற்றோர் இருவரும் கோல்ஃப் ஆடியவர்கள் இல்லை. 2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பியத் தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்து, 2016 ஜனவரியில் ப்ரோ ஆனார். அதே ஆண்டு நவம்பரில் குருகிராமில் இந்தியப் பெண்கள் ஓபனை ஜெயித்தார். ஐரோப்பியப் பெண்கள் தொடரில் ஓர் இந்தியர் ஜெயித்தது அதுவே முதல் முறை. 2017-ல் எல்பிஜிஏ போனார். அவருக்கு ரொம்ப முன்பே கொல்கத்தாவின் சிமி மெஹ்ரா அங்கே ஆடியிருக்கிறார்.

எல்லோரும் 17 வயதில் ப்ரோ ஆனதைச் சொல்வார்கள். அதற்கு முன்பே அவர் 2014 இளையோர் ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் அமெச்சூராக ஆடியிருந்தார், 2015-ல் பிரிட்டிஷ் பெண்கள் ஸ்ட்ரோக்பிளே அமெச்சூர் பட்டத்தையும் ஜெயித்திருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. பள்ளியையும் விடவில்லை, 2016-ல் முடித்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்துகொண்டு நான்காவதாக வந்தாரே, அந்தப் போட்டியை உங்கள் மகளை உட்காரவைத்துக் காட்டுங்கள். ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது. அவ்வளவு பெரிய களத்தில் தூரம் குறைவாக அடிப்பவர்களில் அவரும் ஒருவர். அவரைத் தூக்கி நிறுத்தியது பட்டிங், அதாவது குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ஆட்டம். அங்கே அவர் அம்மாதான் பையைத் தூக்கினார், அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் அப்பா. இன்னொரு இந்திய ப்ரோ தீக்ஷா தாகருக்கும் அவர் அப்பாவே கேடியாக நின்றிருக்கிறார். வீட்டில் யார் பை தூக்குவது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம் ஊருக்கு ஒரு வரம் உண்டு: ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது புகுந்து அடிக்கும் மாதங்களில் பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகிய பிள்ளை வேறெங்கே போனாலும் காற்றுக்குப் பயப்படாது. குறை என்னவென்றால் கூட ஆடப் பெண் பிள்ளைகள் குறைவு. இங்கேயே முதலிடம் வாங்கிக்கொண்டிருந்தால் நம் தரம் நமக்கே தெரியாது. தனக்கு மேலான பையன்களோடு ஆடட்டும். இந்திய கோல்ஃப் யூனியனின் ஜூனியர் போட்டிகளுக்கு அனுப்புங்கள். அங்கே எத்தனையாவதாக வருகிறாள் என்பதுதான் நிஜமான மார்க் ஷீட்.

அமெச்சூராக இருப்பதில் இன்னொரு லாபம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோல்ஃப் ஆடும் பெண்களுக்கு உதவித்தொகை தருகின்றன. படிப்பும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு. ப்ரோ ஆகிவிட்டால் அந்த வழி இல்லை.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள்: "கல்யாணம் ஆனா என்ன பண்றது?" எங்கள் அம்மா கேட்டபோது ஸ்காட்லாந்தின் கேட்ரியோனா மாத்யூ கதையைச் சொன்னேன். 2009-ல் பிரிட்டிஷ் பெண்கள் ஓபனை ஜெயித்தபோது அவருக்கு வயது 39, குழந்தை பிறந்து 11 வாரம்தான் ஆகியிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குழந்தையை யாரு பாத்துக்கிட்டாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

இப்போதைக்கு ஒரு வருஷம், அவள் ஆடும் ஒவ்வொரு ஸ்கோர் கார்டையும் தேதி போட்டு எடுத்துவையுங்கள். ஒவ்வொரு குழியிலும் எத்தனை பட் ஆடினாள் என்பதையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை திறமை இருக்கிறது என்று கோச் சொன்னால், அந்த ஸ்கோர் கார்டுகளை அவர் முன்னால் வைத்து எதில் என்று கேளுங்கள்.