ரவுண்டானாவில் எந்த இண்டிகேட்டர்? கேள்வி பதில்

புதுச்சேரியில் கார், ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தரும் அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து வருகிறேன். இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் எந்த ரோட்டுக்குப் போனாலும் முதலில் இடதுபக்கம்தானே ஒடிக்கிறோம்? வலது இண்டிகேட்டர் எதற்கு?

வண்டி ஒடிவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எந்த ரோட்டில் வெளியேறப் போகிறீர்கள் என்பதுதான் தெரியாது, அதைச் சொல்லத்தான் இண்டிகேட்டர். ராஜீவ் காந்தி சிலைப் பக்கமா, வரும்போதே இடது போடுங்கள். நேராக நெல்லித்தோப்பு ரோட்டில் பஸ் ஸ்டாண்டுக்கா, நுழையும்போது எதுவும் வேண்டாம். ராஜீவ் காந்தி சிலை ரோட்டைத் தாண்டியதும் இடது. மரப்பாலம் பக்கமா, வரும்போது வலது. நெல்லித்தோப்பு ரோட்டைத் தாண்டியதும் இடதுக்கு மாற்றுங்கள். எப்படிப் போனாலும் வெளியேறுவது இடதுதான்.

அங்கேதான் சிக்னல் இருக்கிறதே?

பச்சை விழுந்தால் போகலாம், அவ்வளவுதான். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அது சொல்லாதே!

நேராகப் போக நாலு லைட்டையும் போடுகிறேன். தப்பா?

தப்புதான். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சிக்னல் இல்லாத ஒரு சின்ன ரவுண்டானாவில் என் மாணவர் இப்படித்தான் நாலையும் போட்டுக்கொண்டு நேராகப் போனார். இடதுபக்க ரோட்டில் கீரைக்கட்டோடு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் காத்திருந்தது. அந்தப் பெரியவர் நின்ற இடத்திலிருந்து எங்கள் இடதுபக்க விளக்கு மட்டும்தான் தெரியும். தன் ரோட்டுக்குள் திரும்புகிறோம் என்று நினைத்து அவர் உள்ளே வந்துவிட்டார். என் பக்கமும் ஒரு பிரேக் இருந்ததால் தப்பித்தோம். அவர் எங்களைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை. நாலு லைட்டும் வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு.

லீவுக்கு வந்திருக்கும் மச்சான், பிரான்ஸில் வெளியேற வலது போடுவோம் என்கிறார்.

சரியாகத்தான் சொல்கிறார். அங்கே வலதுபக்கம் ஓட்டுவதால் சுற்றுவதும் எதிர்த்திசை. ஆனால் பொதுவாக அங்கேயும், நம் நாட்டின் 2017 வாகன ஓட்டுதல் விதிமுறைப்படி இங்கேயும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் வழி. பாரிஸில் ஆர்க் த திரியோம்ஃப் என்ற பெரிய நினைவு வளைவைச் சுற்றும் எத்துவால் ரவுண்டானாவில் தலைகீழ்: நுழைகிறவருக்கு வழிவிட வேண்டும். மச்சான் அங்கே ஓட்டியிருந்தால் நம்ம ஊர் அவருக்கு ஜுஜுபி.

காரில் வலது போட்டால் நுழையும்போதே அணைந்துவிடுகிறது.

இடதுபக்கம் ஒடித்து உள்ளே போகிறீர்கள் இல்லையா, திருப்பம் முடிந்துவிட்டதென்று ஸ்டியரிங் அதை விடுவித்துவிடும். மறுபடி போடுங்கள்.

ஸ்கூட்டரில் அணைக்கவே மறந்துவிடுகிறேன் அக்கா.

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் தானாக அணையாது. ரவுண்டானாவை விட்டு வெளியே வந்ததும் இடது கட்டைவிரலால் பட்டனை ஒரு அழுத்து. இல்லாவிட்டால் நெல்லித்தோப்பு மார்க்கெட் வரை இடது மின்னிக்கொண்டே போவீர்கள். ஒவ்வொரு சந்திலும் நீங்கள் திரும்புவீர்கள் என்று பின்னால் வருகிறவர் காத்திருப்பார்.